எடுக்கும் விரலில் பிறக்கும் ராகம்

ஒரு ஸ்தாயிக்குள் ஐந்து சுரங்களை மட்டும் கொண்டு அமையும் சுர வரிசையை மேலைநாட்டார் பென்டடோனிக் ஸ்கேல் என்றும், கர்நாடக இசை இலக்கண நூல்கள் ஔடவம் என்றும், பழந்தமிழ் இசை மரபு திறம் என்றும் வழங்குகின்றன. ஸ்தாயி என்பது ஒரு சட்ஜத்திலிருந்து, அதைப்போல் இருமடங்கு அதிர்வுள்ள மேல் சட்ஜம் வரை விரியும் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் 12 சுரத்தானங்கள் உள்ளன. அவற்றிலிருந்து ஏழு சுரங்களைத் தேர்ந்தால் பண், ஆறைத் தேர்ந்தால் பண்ணியல், ஐந்தைத் தேர்ந்தால் திறம், நான்கைத் தேர்ந்தால் திறத்திறம் என்று தமிழ் முன்னோர் எண்ணிக்கையை வைத்தே வகை பிரித்திருந்தனர். ஆகவே சாக்ஸபோன் கற்பிக்கும் மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் பென்டடோனிக் என்ற சொல்லோடு தொடங்கும்போது தமிழ் மாணவர் மிரளத் தேவையில்லை. பெயர்தான் அயலது, பொருள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இந்த ஐந்து சுரங்கள் உலகின் பல மூலைகளில் ஒன்றையொன்று அறியாமலே தோன்றியதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. சட்ஜத்தை ஒலித்து அதன் பஞ்சமத்தைக் கண்டு, பிறகு அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாகக் கொண்டு அதற்குரிய பஞ்சமத்தைக் கண்டு, இவ்வாறு நான்கு முறை சென்றால் ச, ப, ரி, த, க என்ற ஐந்து சுரங்கள் கிடைக்கின்றன. அவற்றை ஏறுவரிசையில் அடுக்கினால் அதுவே மோகனம். இந்த ஐந்தில் எந்த இரண்டும் ஒட்டி நெருங்கி நிற்பதில்லை. ஒட்டி நிற்கும் சுரத்தானங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது எழும் உரசல் இங்கே எழாது என்பதால்தான் சீனத்தின் பழைய ஐந்தொலி முறையும், ஸ்காட்லாந்தின் நாட்டுப் பாடல்களும், ஆப்பிரிக்க வேர்களிலிருந்து வளர்ந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையும் இதே வரிசையைச் சுற்றி வருகின்றன. தமிழிசை ஆய்வாளர் பலரும் மோகனத்தை முல்லை நிலத்தின் பழைய ஐஞ்சுரத் திறத்தோடு இணைத்துப் பேசுவர்.

எனினும் ஓர் எச்சரிக்கை இங்கேயே தேவைப்படுகிறது. மேலைநாட்டுப் பயிற்சி நூல்களில் பென்டடோனிக் என்றால் பெரும்பாலும் மேஜர், மைனர் என்ற இரண்டே வடிவங்கள்தாம்; முன்னது சுர அளவில் மோகனத்துக்கும் பின்னது சுத்த தன்யாசிக்கும் சமம். கர்நாடக இசையிலோ ஹம்சத்வனி, இந்தோளம், மத்யமாவதி, சிவரஞ்சனி, பூபாளம், ரேவதி, அமிர்தவர்ஷிணி, கம்பீரநாட்டை, சுத்த சாவேரி என்று ஐஞ்சுர ராகங்கள் நீண்டு செல்கின்றன. இவற்றுள் பல, மேலே சொன்ன உரசலைத் தவிர்ப்பதில்லை, வேண்டுமென்றே அதை நாடுகின்றன.

இந்த ராகங்களின் கதை தென் திருவிதாங்கூர் மண்ணில் ஒரு தனித் தடம் பதித்திருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. அவ்வட்டத்தைச் சேர்ந்த பெருங்கடவிளையும் பாறசாலையும் அன்று முதல் எல்லைக்கு அருகிலுள்ள ஊர்களாயின. எல்லைக்கோடு விழுந்த பிறகும் ஒரு பழைய வழக்கம் அதைப் பொருட்படுத்தாமல் ஆண்டுதோறும் கடந்து செல்கிறது. நவராத்திரிக்கு முன்பாகத் திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் சேர்கின்றனர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் நடைபெறும் கச்சேரிகளில், சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய ஒன்பது கீர்த்தனைகளில் நாளுக்கு ஒன்று முதன்மையாகப் பாடப்படுகிறது. ஏழாம் நாளுக்குரிய ‘ஜனனி பாஹி’ அமைந்திருப்பது சுத்த சாவேரியில். சங்கராபரணம், கல்யாணி, தோடி, பைரவி போன்ற ஏழு சுரப் பெருராகங்களுக்கு நடுவே ஐந்தே சுரங்களைக் கொண்டு ஒரு மாலை முழுவதையும் தாங்கி நிற்கும் ராகம் அது.

அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற நெடுநாள் வழக்கம் 2006-இல் முடிவுக்கு வந்தபோது முதலில் பாடியவர், பாறசாலையில் 1924-இல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கப்பட்ட இசைக் கழகத்தின், அதாவது இன்றைய சுவாதித் திருநாள் அரசு இசைக் கல்லூரியின், முதல் மாணவியும் அவரே. அக்கழகத்தின் முதல் தலைவராக வந்தவர் திருநெல்வேலிச் சீமை அரிகேசநல்லூரைச் சேர்ந்த முத்தையா பாகவதர். ஐஞ்சுர ராகங்களில் இந்தப் பாகவதருக்கு இருந்த நாட்டம் குறிப்பிடத்தக்கது: வலஜியை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவர், நிரோஷ்டா என்ற ராகத்தை ஆக்கியவரும் அவர். நிரோஷ்டா என்றால் உதடு ஒட்டாதது என்று பொருள். ம, ப என்னும் இரண்டு சுரங்களின் பெயர்களைச் சொல்லும்போதுதான் உதடுகள் ஒட்டும் என்பதால் அவ்விரண்டையும் நீக்கி, ச ரி க த நி என்ற ஐந்தோடு அந்த ராகம் நின்றுவிடுகிறது. பாடகருக்கு உதட்டை விலக்கிக் கொடுத்த அந்த ராகத்தை, உதட்டை இறுகப் பிடித்தே வாழவேண்டிய சாக்ஸபோன் கலைஞர் வாசிப்பது இசை வரலாற்றின் சிறிய வேடிக்கைகளுள் ஒன்று.

மேலைநாட்டுக் கருவியைக் கர்நாடக இசைக்கு வளைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, வயலினைக் கர்நாடக இசைக்கு ஏற்றபடி கையாண்டு காட்டியவர்களுள் முன்னோடி. அவர் சுவாதித் திருநாளின் அவையில் இருந்தபோது 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது இசை வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. அதே சுவாதித் திருநாள் மறைந்த 1846-ஆம் ஆண்டில்தான், பெல்ஜியத்தின் தினான் நகரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் தாம் வடிவமைத்த புதிய ஊதுகருவிக்குப் பாரிஸில் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே சாக்ஸபோன் எனப்பட்ட அக்கருவி இராணுவ இசைக்குழுக்களுக்காக உருவானது. ஆங்கிலேயர் வழியாக இந்தியச் சமஸ்தானங்களின் அரண்மனை இசைக்குழுக்களுக்கும், பின்னர் கோயில் கொடைகள், தேவாலயத் திருநாள்கள், கல்யாண ஊர்வலங்கள் ஆகியவற்றில் முழங்கும் பேண்டு செட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது. குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் பலர் இக்கருவியை முதன்முதலாக நேரில் கேட்பது இத்தகைய பேண்டு செட்டுகளில்தான்.

அதைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய பெருமை கத்ரி கோபால்நாத்துக்கு உரியது. தென்கன்னட மாவட்டத்தில் நாகஸ்வரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டு, மங்களூரிலும் பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார், 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடக்கும் பி.பி.சி. புரோம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘டூயட்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைப்பில் அவர் வாசித்த சாக்ஸபோன்தான் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் இக்கருவியின் பெயரைக் கொண்டு சேர்த்தது. அப்படத்தில் ஒலித்த கல்யாண வசந்தம், இறங்கும்போது ஏழு சுரங்களைத் தொட்டாலும், ஏறும்போது ச க ம த நி என ஐந்து சுரங்களோடு ஏறும் ராகம். 2004-இல் கோபால்நாத்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்விருதைப் பெற்ற இன்னொரு கர்நாடக இசைக் கலைஞர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். கோபால்நாத் 2019 அக்டோபரில் மறைந்தார்.

இனிக் கருவிக்குள் நுழையலாம். உடல் பித்தளையால் ஆனபோதிலும் சாக்ஸபோன் மரக்குழல் இனத்தைச் சேர்ந்ததாகவே கணக்கிடப்படுகிறது. ஏனெனில் அதன் ஒலி, மவுத்பீஸ் என்னும் வாய்முனையில் கட்டப்பட்ட நாணல் ரீடு அதிர்வதால் பிறக்கிறது. நாகஸ்வரத்தின் சீவாளியில் நாணல் இரட்டை மடலாக இருக்கும். சாக்ஸபோனில் ஒற்றை மடல்தான். கருவியின் குழல் வாயிலிருந்து மணி வரை கூம்பு போல் விரிந்துகொண்டே போவதால், இடக்கைப் பெருவிரலால் ஸ்தாயிச் சாவியை அழுத்தியதும் அதே விரல் அமைப்பிலேயே மேல் ஸ்தாயி பேசுகிறது. உருளை வடிவக் குழல் கொண்ட கிளாரினெட்டில் இந்த வசதி இல்லை; அங்கே மேல் பகுதிக்கு வேறு விரல் அமைப்பைக் கற்க வேண்டும். சாக்ஸபோனில் ஒரு ராகத்தைக் கீழே கற்றவர் மேலேயும் பாதி கற்றுவிட்டார் என்று சொல்வது மிகையன்று.

மாணவர்களைக் குழப்பும் மற்றொரு செய்தி சுருதி பற்றியது. சாக்ஸபோன் குடும்பத்தில் சுரங்களை எழுதும் முறை ஒன்றாகவும் ஒலிக்கும் முறை வேறாகவும் இருக்கும். ஆல்டோ சாக்ஸபோனில் ‘சி’ என்று எழுதப்பட்டதை ஊதினால் ஹார்மோனியத்தின் இரண்டரைக் கட்டை ஒலிக்கிறது. டெனர் சாக்ஸபோனில் அதே விரல்களுக்கு ஆறரைக் கட்டை ஒலிக்கிறது. எழுத்தை விட்டுவிட்டு விரலையும் கட்டையையும் மட்டும் நினைவில் கொள்பவருக்கு இந்தக் குழப்பம் வெகுவிரைவில் நீங்கிவிடும். கர்நாடக இசையில் எப்போதும் ஒரே சட்ஜத்தில் நிற்பதால், முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த விரல் அமைப்பைச் சட்ஜமாகக் கொள்வது என்பதே. கச்சேரிக்குக் குறைந்தது மந்திர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமம் முதல் தார (மேல்) ஸ்தாயிப் பஞ்சமம் வரை வேண்டும். கருவியின் அடியிலுள்ள ‘சி’யைச் சட்ஜமாக்கினால் அதற்குக் கீழே நிஷாதத்துக்கு மட்டுமே இடம் இருக்கும், நடு ‘சி’யைச் சட்ஜமாக்கினால் மேலே பஞ்சமத்துக்கு வழக்கமான சாவிகள் போதா. இடக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் அழுத்தி ஊதும் ‘ஜி’யைச் சட்ஜமாகக் கொள்வது இரண்டு பக்கமும் இடம் தருகிறது. ஆல்டோவில் அது ஆறரைக் கட்டை, டெனரில் நான்கு கட்டை.

அந்த மூன்று விரல் சட்ஜத்திலிருந்து மோகனம் ஏறுவதைக் கவனித்தால் கருவியின் குணம் முழுவதும் விளங்கிவிடும். மோதிரவிரலை எடுத்தால் ரிஷபம். அடுத்து நடுவிரலை எடுத்தால், சுட்டுவிரல் மட்டும் மிஞ்சி, காந்தாரம். இதுவரை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே வந்தவர், காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் இடத்தில் திடீரென்று இரு கைகளின் ஆறு விரல்களையும் பெருவிரல் சாவியையும் ஒரே கணத்தில் அழுத்தியாக வேண்டும். ஒரு விரல் சற்றே பின்தங்கினாலும் நடுவில் ஒரு பிசிறு கேட்கும். உதடு பயந்து இறுகினால் சுருதி மேலே ஏறிவிடும். பஞ்சமத்தைத் தாண்டிய பிறகு வலக்கை மோதிரவிரலை எடுத்தால் தைவதம். வலக்கையின் எஞ்சிய இரண்டு விரல்களையும் எடுத்தால் மேல் சட்ஜம். மோகனம் எளிது என்று சொல்பவர்கள் இந்த க–ப தாவலை மறந்துவிடுகிறார்கள். தொடக்கநிலை மாணவர் ஒரு வாரம் முழுவதும் இந்த ஒரு தாவலையே, மெதுவாக, தம்புரா சுருதியோடு சேர்த்து வாசித்தாலும் அந்த வாரம் வீண் போனதாகாது.

இப்போது சுத்த சாவேரி. அதற்குரிய சுரங்கள் ச ரி ம ப த. மோகனத்தின் காந்தாரம் இருந்த இடத்தில் மத்தியமம் வருகிறது என்பதைத் தவிர வேறு வேற்றுமை இல்லை. ‘ஜி’யைச் சட்ஜமாகக் கொண்ட சாக்ஸபோனில் ரிஷபத்துக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் அழுத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து நடுவிரலை எடுத்தால் காந்தாரம், மோகனம்; சுட்டுவிரலை எடுத்து நடுவிரலை மட்டும் விட்டுவைத்தால் மத்தியமம், சுத்த சாவேரி. இரண்டு ராகங்களையும் பிரிப்பது எந்த விரலை எடுப்பது என்ற ஒரே முடிவுதான். நவராத்திரி மண்டபத்தின் ஏழாம் நாள் கீர்த்தனையும், தமிழ்நாட்டில் இசை கற்கும் குழந்தைகள் தொடக்கத்திலேயே பாடும் மோகன கீதமாகிய ‘வரவீணா’வும் ஒரு விரல் இடைவெளியில் அருகருகே நிற்கின்றன. அதே இடத்தில் காந்தாரத்திலிருந்து நேரே மத்தியமத்துக்குப் போகும் ராகங்களில், சுட்டுவிரலை எடுப்பதும் நடுவிரலை வைப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். தவறினால் இரண்டு விரலும் எழுந்த நிலையில் பிரதி மத்தியமமோ, இரண்டும் அழுந்திய நிலையில் ரிஷபமோ திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும். ஐஞ்சுர ராகங்கள் பலவற்றில் இந்தத் தொல்லை எழுவதே இல்லை என்பது கருவி தானாகவே தரும் சலுகை.

இங்குக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு கருத்து வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாகக் கருதப்படும் மரபின்படி தொடக்கப் பயிற்சியாகிய சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. குரலுக்கும் வீணைக்கும் அது பொருத்தமான தேர்வு. சாக்ஸபோனிலோ அதன் சுத்த ரிஷபத்துக்கு இடக்கைச் சுண்டுவிரலும், சுத்த தைவதத்துக்கு வலக்கைச் சுண்டுவிரலும் உழைக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதத்தில் கருவியின் எடையைக் கழுத்துப் பட்டையில் தாங்கி உதட்டுப் பிடிப்பைப் பழகிக்கொண்டிருக்கும் மாணவருக்குச் சுண்டுவிரல்கள் இரண்டும் எளிதில் வசப்படுவதில்லை. மோகனத்தில் ஒரு சுண்டுவிரலும் தேவையில்லை. எனவே சாக்ஸபோன் மாணவருக்கு முதல் சில வாரங்கள் மோகனத்தின் ஐந்து சுரங்களிலேயே வரிசைகளை வாசிக்கவைத்து, ஒலி திடப்பட்ட பிறகு மாயாமாளவகௌளைக்கு அழைத்துச் செல்வதே விவேகம். மரபைக் கைவிடுவதாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. மரபின் முதல் கீதங்கள் அமைந்த மலஹரி ராகமே ஏறும்போது ச ரி ம ப த என்று ஐந்து சுரங்களில் ஏறுவதுதான். மோகன வர்ணமான பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் ‘நின்னுக்கோரி’யும் தொடக்க வர்ணங்களுள் ஒன்றாகவே கற்பிக்கப்படுகிறது. 1988-இல் வெளிவந்த ‘அக்னி நட்சத்திரம்’ படத்துக்காக இளையராஜா அந்த வர்ணத்தின் தொடக்கச் சொல்லைக் கொண்டே ஒரு பாடலை அமைத்து, திருவனந்தபுரத்தில் பிறந்த சித்ராவைப் பாடவைத்தார் என்பதால், மோகனத்தின் நடை பெரும்பாலான தமிழ், மலையாளச் செவிகளில் ஏற்கெனவே குடியிருக்கிறது. செவியில் உள்ளதை விரல் தேடிப் பிடிப்பது, விரல் கற்றதைச் செவி புரிந்துகொள்வதைவிட விரைவாக நடக்கும்.

மோகனத்தின் ஐந்து விரல் அமைப்புகளும் கைக்கு வந்தபின் கிரக பேதம் என்னும் உத்தியைச் சோதித்துப் பார்க்கலாம். கிரக பேதம் என்பது சுரங்களை மாற்றாமல் சட்ஜத்தின் இடத்தை மட்டும் மாற்றுவது. மோகனத்தின் அதே ஐந்து ஒலிகளில் ரிஷபத்தைச் சட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி பிறக்கிறது. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. விரல்கள் அணுவளவும் மாறாமல் ஐந்து ராகங்கள் கிடைப்பது மாணவருக்கு மந்திரம் போலத் தோன்றும். ஆனால் சுருதிப்பெட்டியின் கட்டையையும் உடன் மாற்றினால்தான் இந்த மந்திரம் பலிக்கும். பழைய சட்ஜமே பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து தொடங்கினாலும் செவி அதை மோகனமாகவே கேட்கும். ராகத்தை உண்டாக்குவதில் பின்னணிச் சுருதிக்கு உள்ள பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறு இல்லை. அதன்பின் ஐந்தையும் ஒரே சட்ஜத்தில் வாசிக்க முயலும்போது உண்மையான வேலை தொடங்குகிறது: ‘ஜி’யிலேயே நின்று இந்தோளம் வாசிக்கப் பக்கச் சாவிகளும் சுண்டுவிரலும் வந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் சுர வரிசை பற்றியவை. ராகம் பற்றியவை அல்ல. இந்த வேற்றுமையில்தான் பென்டடோனிக் ஸ்கேலும் ஔடவ ராகமும் பிரிகின்றன. சுர வரிசை ஒரு படிக்கட்டு; எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்பது, எந்தப் படியை அசைத்தபடி கடப்பது, எதைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்ற நடைமுறை முழுவதும் ராகத்துக்குரியது. மத்யமாவதியின் ரிஷபமும் நிஷாதமும் அசைவில்லாமல் நேராக ஊதப்பட்டால் சுரங்கள் சரியாக இருந்தும் மத்யமாவதி அங்கே இருக்காது. கச்சேரியின் முடிவில் பிழை பொறுக்க வேண்டிப் பாடப்படும் ராகத்துக்கே பிழை செய்ததாகிவிடும். அசைவு, வழுக்கல், சுழற்சி முதலிய இந்த நடைகளுக்கெல்லாம் கமகம் என்று பெயர். ஏழு சுர ராகத்தில் அடுத்தடுத்த சுரங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்குவது குறுகிய தூரம். ஐஞ்சுர ராகத்தில் விடுபட்ட சுரங்களின் வெற்றிடத்தைத் தாண்டி வழுக்க வேண்டும், அவ்வாறு வழுக்கும்போது விலக்கப்பட்ட சுரம் தலை காட்டவும் கூடாது. எண்ணிக்கையில் குறைந்ததெல்லாம் எளியது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

சாக்ஸபோனில் இது இரட்டிப்புக் கடினம். நாகஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் துளைகள் திறந்தவை. விரலைப் பாதி விலக்கி, சாய்த்து, உருட்டித் துளையைச் சிறிது சிறிதாகத் திறக்கலாம். சாக்ஸபோனில் துளைகள் அகலமானவை, அவற்றை மூடுபவை விரலால் இயங்கும் திண்டுகள். சாவியை அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும், இரண்டுக்கும் நடுவில் நிற்க அக்கருவி விரும்புவதில்லை. ஆகவே கமகத்தின் பெரும் சுமை உதட்டின் மீதும் மூச்சின் மீதும் விழுகிறது: கீழுதட்டைச் சிறிது தளர்த்தினால் சுரம் சரிகிறது, இறுக்கினால் ஏறுகிறது, தொண்டையின் வடிவத்தை மாற்றினால் மேலும் சிறிது வளைகிறது. இந்த உதட்டு வளைவோடு சாவியை மெதுவாக எழவிடும் விரல் பழக்கமும் சேரும்போதுதான் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பில் கேட்ட குழைவு கிடைக்கிறது. நாகஸ்வர வீட்டில் பிறந்தவர் அதைச் சாதித்தது தற்செயலாக இருக்க முடியாது. நாவால் சுரத்தை வெட்டும் துத்துகாரமும், வெட்டாமல் ஒரே மூச்சில் விரலால் பிரிக்கும் விரலடியும் சிறுவயதிலிருந்தே அவர் செவியில் விழுந்தவை.

மேலைநாட்டு ஜாஸ் மாணவர் இதே ஐந்து சுரங்களை வேறு திசையில் கொண்டுசெல்கிறார். அவர் ஒரு பென்டடோனிக் வரிசையை 12 சுருதிகளிலும் சரளமாக வாசிக்கப் பழகுகிறார். பின்னணியில் நாண்கள் (கார்டுகள்) மாறிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு நாணுக்கும் பொருந்தும் ஐந்து சுரங்களை உடனுக்குடன் தேர்ந்து தாவுவதே அவருடைய திறமை. கர்நாடக மாணவர் ஒரே சட்ஜத்தில் ஊன்றி நின்று பல ராகங்களுக்குள் இறங்குகிறார். முன்னது அகலம், பின்னது ஆழம் என்று சுருக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. ஜாஸ் மேதையான ஜான் கோல்ட்ரேன் இந்திய இசையில் கொண்ட ஈடுபாட்டால் தம் மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார் என்பதையும், கோபால்நாத் அமெரிக்க ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் இணைந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு 2008-இல் வெளிவந்ததையும் நோக்கினால், இரு பக்கமும் மற்றதன் செல்வத்தை விரும்பியே இருந்தன என்பது புலனாகும். 12 சுருதிகளில் பழகுவது கர்நாடக மாணவரின் விரல் கட்டுகளைத் தளர்த்தும். பேண்டு செட்டிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் வாசிப்பவருக்கு அது அன்றாடத் தேவையும்கூட. ஆனால் மோகனத்தின் க–ப தாவல் சுருதியோடு சேராத நிலையில் 12 சுருதிகளுக்கு விரைவது, ஒரே பிழையைப் பன்னிரண்டு முறை பழகுவதாகவே முடியும்.

நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய மாணவருக்கு ஒரு பயிற்சி ஒழுங்கைப் பரிந்துரைக்கலாம். முதல் பத்து நிமிடம் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும், மூச்சு முடியும்வரை நீட்டி, அலையாமல் ஊத வேண்டும். அடுத்த பத்து நிமிடம் மோகனத்தை மூன்று காலங்களில் ஏறி இறங்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் கருவியைக் கீழே வைத்துவிட்டு, அன்று வாசித்த பகுதியை வாயால் பாட வேண்டும். பாட வராத கமகம் ஊதவும் வராது. ஆகவே இம்மூன்றில் மாணவர்கள் முதலில் கைவிடும் பகுதியும், கைவிடக்கூடாத பகுதியும் கடைசிப் பத்து நிமிடமே. மோகனம் நிலைத்த பிறகு சுத்த சாவேரி, அதன்பின் ஹம்சத்வனி, மத்யமாவதி, இந்தோளம் என்ற வரிசை விரலுக்கும் செவிக்கும் இசைவானது. முத்துசாமி தீட்சிதரின் தந்தை இராமசாமி தீட்சிதர் ஆக்கிய ஹம்சத்வனியில் மோகனத்தின் தைவதத்துக்குப் பதிலாக நிஷாதம் வருகிறது. அங்கே மாறுவதும் வலக்கையின் விரல்கள் மட்டுமே.

பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவி குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலில் ஓர் இரவும் தங்கியே திருவனந்தபுரம் போகிறாள். அவ்வழியிலுள்ள ஊர்களில் சாக்ஸபோன் கற்கும் பிள்ளைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் அடுத்த நவராத்திரியின் ஏழாம் நாள் மாலை கருவியில்லாமல் அந்த மண்டபத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சுத்த சாவேரியின் ரிஷபத்தில் பாடகர் நின்று அசையும்போது, எடுக்க வேண்டிய விரல் எது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே மடியில் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.